‘மே’க்குப் பக்கத்தில் ‘டெஃபனட்லி’ உட்காராது

பேச்சு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிற தொழிலில் ஒரு வசதி உண்டு: நம்மிடம் வருகிற யாரும் பேசத் தெரியாதவர்கள் இல்லை. ஆரணி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் பதினோரு வருஷமாக வகுப்பு நடத்துகிறேன். வருகிறவர்கள் எல்லாம் வேலைக்குப் போகிற, குடும்பம் நடத்துகிற பெரியவர்கள். கேன், வில், மே, மஸ்ட் இவற்றை ஒரே வாரத்தில் பிடித்துக்கொள்வார்கள். அவற்றோடு ப்ராபப்ளி, டெஃபனட்லி, ஹார்ட்லி என்று இன்னொரு வார்த்தை வந்து ஒட்டும்போதுதான் பேஜார் ஆரம்பிக்கும். ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டிய உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

லண்டனுக்குப் போன சேலை

குமரேசன் பட்டுச் சேலைக் கடை ஒன்றில் வெளியூர் ஆர்டர்களைப் பார்த்துக்கொள்பவர். லண்டனிலிருந்து ஒரு அம்மா, மகன் கல்யாணத்துக்குச் சேலை சொல்லியிருந்தார். முகூர்த்தத்துக்குள் வந்துவிடுமா என்று அவர் வாட்ஸ்அப்பில் கேட்க, இவர் “இட் மே டெஃபனட்லி கம்” என்று அனுப்பிவிட்டார். அந்த அம்மாவிடமிருந்து பதில் வந்தது: “மே? ஆர் டெஃபனட்லி?”

குமரேசன் போனைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறி வந்தார். மே என்றால் வந்தாலும் வரும், வராமலும் போகும்; டெஃபனட்லி என்றால் வந்தே தீரும்; இரண்டும் ஒரே வாக்கியத்தில் உட்காராது, வில் டெஃபனட்லி என்று போடுங்கள் என்றேன். உடனே எழுதவில்லை அவர். நெசவாளருக்குப் போன் போட்டு, தறியிலிருந்து சேலையை எப்போது அறுப்பார் என்று நாள் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகுதான் ‘வில்’ போட்டார். சேலையும் முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்பே போய்ச் சேர்ந்தது. நன்றி சொல்ல வந்தவரிடம், முதலில் ஏன் அப்படி எழுதினீர்கள் என்று கேட்டேன்.

“நான் இன்னா பண்றது மிஸ்? தறிக்காரரு ‘கண்டிப்பா வந்தாலும் வரும்’னு சொன்னாரு, அத்த அப்படியே இங்கிலீஷ்ல போட்டேன்.”

மாடிப்படி போர்டு

கீழே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் சலீம் பாய்தான் கட்டடத்துக்கும் சொந்தக்காரர். நல்ல மனுஷர். ஒரு நாள் எனக்குத் தெரியாமல் அவரே ஒரு போர்டு அடித்து மாடிப்படியில் மாட்டிவிட்டார். ‘இங்கே வந்தால் போதும், ஆங்கிலம் பேசலாம்’ என்பது அவர் மனதில் இருந்தது. ‘யூ கேன் ஒன்லி ஸ்பீக் இங்கிலீஷ் ஹியர்’ என்பது போர்டில் இருந்தது. அதாவது, இங்கே ஆங்கிலம் தவிர வேறு எதுவும் பேசக் கூடாது!

புதிதாகச் சேர வந்தவர்கள் பாதிப் படியில் நின்று படித்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறார்கள். மூன்று நாள் புதிதாக ஒருவரும் வரவில்லை; போர்டை நின்று படிக்காத எனக்குக் காரணமும் பிடிபடவில்லை. நாலாவது நாள் தண்ணீர் கேன் போடுகிற ஏழுமலை வாசலில் வந்து நின்று, காலி கேனைக் காட்டுகிறார், கையை ஆட்டுகிறார், இரண்டு விரலை நீட்டுகிறார்; வாயை மட்டும் திறக்கவில்லை. தொண்டை கட்டிக்கொண்டதோ என்று பயந்துபோய், “இன்னாங்க ஆச்சு?” என்று கேட்டேன். நான் தமிழில் பேசியதும்தான் அவருக்கு மூச்சே வந்தது.

“போர்டுல ‘கேன்’னு போட்டிருந்திச்சு மிஸ், அதான் எனக்குப் போட்ட ரூல்ஸுன்னு வாயத் தொறக்கல.”

பிரபுவின் ஆக்சுவலி

ஆட்டோ ஓட்டும் பிரபுவுக்கு எங்கிருந்தோ ‘ஆக்சுவலி’ தொற்றிக்கொண்டது. காரணம் கேட்டால், அது இருந்தால்தான் இங்கிலீஷ் பேசுகிற மாதிரி இருக்கிறது என்பார். தேவிகாபுரம் கோயிலுக்குப் போக ஒரு வெளிநாட்டுத் தம்பதி அவர் ஆட்டோவில் ஏறியிருக்கிறார்கள். பிரபு திரும்பிப் பார்த்து, மரியாதையாக, “டோன்ட் வொரி. ஐ கேன் ஆக்சுவலி டிரைவ்” என்றிருக்கிறார். ‘நம்ப மாட்டீர்கள், ஆனால் எனக்கு ஓட்டத் தெரியும்’ என்பது போல அது அவர்கள் காதில் விழுந்திருக்கிறது. அந்த அம்மா உடனே கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். கணவர் லைசென்ஸைக் காட்டச் சொல்லிவிட்டார்.

லைசென்ஸைக் காட்டி, பத்திரமாகக் கூட்டிப்போய், கோயிலைச் சுற்றிக் காட்டி, திரும்பி வரும்போது அந்த அம்மாவே விஷயத்தைச் சிரித்துக்கொண்டே விளக்கிவிட்டாராம். இனிமேல் அந்த வார்த்தையை விட்டுவிடுவீர்களா என்று கேட்டேன்.

“எப்படி மிஸ் வுடறது? போறப்போ பேசாம வந்தவங்க, வரப்போ அந்த வார்த்தைய வச்சே ஆரணி வரைக்கும் சிரிச்சுகினு வந்தாங்க.”

ஹார்ட்லி

ஜெபா கண்ணமங்கலம் பக்கத்துக் கிராமம். நர்ஸ் படிப்பு முடித்தவள். அப்பா அம்மா இருவருக்கும் வயல் கூலி வேலை. வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றின் நேர்காணல் கம்ப்யூட்டர் வழியாக நடந்தது. ஊரில் நெட் சரியாக எடுக்காது என்பதால் என் வகுப்பறையிலேயே உட்காரவைத்தேன். கேமராவில் படாமல் மூலையில் நான். இரண்டு வருஷமாக அந்தப் பெண் காத்திருந்த வேலை அது.

எங்கள் வார்டில் வேலை அதிகம், சமாளிப்பீர்களா என்று நேர்காணல் நடத்திய அம்மா கேட்டார். ஜெபா நிமிர்ந்து உட்கார்ந்து, “எஸ் மேடம், ஐ கேன் ஹார்ட்லி வொர்க்” என்றாள். ஹார்டாக வேலை செய்வேன் என்று சொல்ல வந்தவள், என்னால் வேலையே செய்ய முடியாது என்று சொல்லிவிட்டாள். அந்த அம்மாவின் புருவம் ஏறியது. “நைட் ஷிஃப்ட்?” என்று கேட்டார். “ஐ வில் ஹார்ட்லி ஸ்லீப், மேடம்.” அதாவது தூங்கவே மாட்டேன், அது மட்டும் கச்சிதமாக அமைந்துவிட்டது!

அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்துவிட்டார். முதல் பதிலைத் திரும்பச் சொல்லச் சொன்னார். தப்பு எங்கே என்று பிடிபட்டதும் ஜெபாவும் சிரித்தாள். சிரித்ததில் பயம் போய்விட்டது. மீதிக் கேள்விகளுக்கெல்லாம் தண்ணீர் பட்ட பாடாகப் பதில் சொன்னாள். பத்தாம் நாள் வேலை உத்தரவோடு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“வேலை செய்ய மாட்டேன், தூங்கவும் மாட்டேன்னு சொன்ன ஒரே ஆளு நீதான்னு மேடம் லெட்டரோட தனியா எழுதியிருக்காங்க மிஸ்.”

முன்னே பின்னே

சாந்தியம்மா பட்டு நூல் சுற்றுகிறவர். மகள் கனடாவில் வேலைக்குப் போய், அந்த ஊர்ப் பையனையே கட்டிக்கொண்டாள். முதல் பிரசவம். இவருக்கு விசா நேரத்துக்குக் கிடைக்கவில்லை. பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளப் போவது சம்பந்தியம்மா. அவருக்கோ தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. “அந்தம்மாகிட்ட நானே, என் வாயால சொல்லணும் மிஸ்” என்று வந்து நின்றார்.

குட் யூ ப்ளீஸ் சொல்லிக்கொடுத்தேன். கெஞ்சுகிற மாதிரி இருக்கிறது என்றார். யூ மஸ்ட்? அதட்டுகிற மாதிரி இருக்கிறதாம். உங்கள் மனதில் இருப்பதைத் தமிழில் சொல்லுங்கள் என்றேன். “நீங்க நல்லா பாத்துப்பீங்க, எனக்குத் தெரியும். அவ்ளோதான்” என்றார். அதற்கென்றே ஆங்கிலத்தில் ஒரு ஜோடி இருக்கிறது: வில் சர்ட்டன்லி. ஒரு வாரம் நூல் சுற்றிக்கொண்டே அதைச் சொல்லிப் பழகினார்.

ஒரு காலை வேளையில் வகுப்பிலிருந்தே வீடியோ போன் போட்டோம். சாந்தியம்மா தலையை ஒதுக்கிக்கொண்டு, “யூ வில் சர்ட்டன்லி டேக் கேர் ஆஃப் மை டாட்டர்” என்றார், ஒரு எழுத்துப் பிசகாமல். அந்த அம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. நெஞ்சில் கை வைத்து, “ஐ சர்ட்டன்லி வில்” என்றார்.

போனை வைத்ததும் சாந்தியம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். தான் ‘வில்’லை முன்னால் போட்டதாகவும் அவர் ‘சர்ட்டன்லி’யை முன்னால் போட்டதாகவும் சொல்லி, யார் தப்பு என்று கேட்டார். இரண்டும் சரி, ஒரு வரிப் பதிலாகச் சொல்லும்போது அது முன்னால் வந்துவிடும் என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

“வார்த்த முன்ன பின்ன இருந்தா இருந்துட்டுப் போவுது மிஸ், அந்தம்மா என் பொண்ணு பக்கத்துல இருந்தா போதும்.”

இப்படியெல்லாம் திருத்தித் திருத்தி எனக்குத் தெரிந்துபோன ஒரே விஷயம், இவர்கள் எல்லோரும் தமிழில் மிகச் சரியாகத்தான் நினைக்கிறார்கள், இடையில் புகுந்து குழப்புவதற்குத்தான் நான் மாடியில் ஒரு வகுப்பு நடத்துகிறேன் என்பதுதான்.