கடற்கரைக்கு வேலி அடைத்த பிள்ளை

உதயகலாவுக்கு எதுவும் கோணலாக இருந்தால் கண் பொறுக்காது. கோயில் வாசலில் மற்றவர்கள் கழற்றிவிட்ட செருப்புகளைக்கூடச் சோடி சேர்த்து வைத்துவிட்டுத்தான் உள்ளே போவாள். என் பேத்தி என்பதற்காகச் சொல்லவில்லை, எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

தகப்பன் கனகரத்தினம் சுன்னாகத்துப் பக்கம் வெங்காயத் தோட்டம் செய்கிறவர். வருடாவருடம் அவர் பின்னிய தென்னோலைக் கிடுகால் வேலி அடைக்கும்போது, மறுபக்கம் நின்று குத்தூசியில் கயிற்றைக் கோத்துத் தள்ளுவது இந்தப் பிள்ளைதான். வேலி இல்லாத வளவைக் கண்டால், "பாவம், ஆரும் இல்லாத காணி" என்பாள். அப்படி வளர்ந்த பிள்ளை.

போன வருடம் அவளுடைய பள்ளிக்கூடத்துக்கும் வடமராட்சிக் கடற்கரையில் உள்ள ஒரு பள்ளிக்கூடத்துக்கும் சேர்த்து ஒரு வேலை கொடுத்தார்கள். இரண்டு பக்கப் பிள்ளைகளும் கொம்பியூட்டருக்குள் ஒரே ஊரைக் கட்ட வேண்டும். நேரே சந்திக்கத் தேவையில்லை. சனிக்கிழமை காலையில் அவரவர் வீட்டில் இருந்தபடி, ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு, கதைத்துக் கதைத்துக் கட்டலாம். சிவகௌரி ரீச்சர் ஒரு சட்டம் போட்டிருந்தார்: ஒருவர் வைத்த பொருளை அவர் மட்டும்தான் எடுக்கலாம். மற்றவர் கைவைக்க ஏலாது.

உதயகலா வீடு கட்டினாள், கிணறு வெட்டினாள், தோட்டத்துக்குப் பாத்தி கட்டினாள், சுற்றிவர வேலியும் அடைத்தாள். கடற்கரைப் பக்கத்தை ஸ்ரெல்லா என்ற பிள்ளையும் அவளுடைய கூட்டாளிகளும் பார்த்தார்கள். நானும் பக்கத்தில் கதிரை போட்டு இருந்து பார்ப்பேன். இவள் கட்டுவதெல்லாம் அச்சாவாக, அழகாக இருக்கும். கடற்கரையில் மட்டும் வெறும் மணல்.

"எல்லாத்தையும் கட்டிப்போட்டு கடற்கரையை மட்டும் திறந்த வெளியாய் விட்டிருக்கினம், அம்மம்மா" என்றாள்.

"நாய், மாடெல்லாம் போகுமே மோனை" என்றேன்.

அந்தப் பிள்ளைகள் அடுத்த சனிக்கிழமை வந்து பார்த்துச் சந்தோசப்படட்டும் என்று, இடையில் தனியாக இருந்து, ஆசை ஆசையாக, கடற்கரை நீளத்துக்கும் கிடுகு வேலி அடைத்துவிட்டாள். ஒரு கிடுகுகூடச் சரியவில்லை. இன்றைக்கும் சொல்கிறேன், அது நல்ல வேலி.

சனிக்கிழமை ரீச்சருக்குக் கரைவலை இழுத்துக் காட்டுவதற்காக ஸ்ரெல்லாவின் ஆட்கள் எல்லாரும் ஒன்றாக வந்தார்கள். கரைவலை என்றால் பலபேர் வரிசையாகக் கயிற்றைப் பிடித்துப் பின்னுக்குப் பின்னுக்கு நடக்க வேண்டும். நடக்க நீளமான மணல் வேண்டும். திரையில் சின்னச் சின்ன உருவங்கள் கயிற்றைப் பிடித்தபடி வந்து வேலியில் முட்டின. திரும்பவும் முட்டின.

"அந்தப் பிள்ளையள் ஏன் வேலியிலை முட்டுதுகள்?" என்று கேட்டேன். உதயகலாவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"ஆரப்பா கடலுக்கு வேலி அடைச்சது?" ஸ்ரெல்லாவின் குரல் ஹெட்போனுக்கு வெளியே எனக்கே கேட்டது. "மீன் வெளியிலை ஓடிப்போடும் எண்டோ?"

அங்கே பெரிய சிரிப்பு. ஆனால் அவளுடைய குரலில் சிரிப்பு இல்லை. ரீச்சருக்குக் காட்டுவதற்காக அவர்கள் எத்தனை கிழமை அந்த வலையைப் பின்னினார்களோ! உதயகலா மைக்கை நிறுத்திவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு இருந்தாள். ஒவ்வொரு உருவமாகத் திரையிலிருந்து மறைந்து போனது.

அதற்குப் பிறகு பிள்ளைக்குச் சோறு இறங்கவில்லை. "தலையிடி" என்றாள். தாய் குணலட்சுமி கோப்பி போட்டுக் கொடுத்தாள். தலையிடி இல்லை என்று எனக்குத் தெரியும்.

"நீ அடைச்சதை நீதானே எடுக்கலாம். பேசாமல் கழட்டி விடு. ஆருக்குத் தெரியப்போகுது?" என்றேன்.

கழற்றிவிட்டாள். அத்தோடு முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன்.

அடுத்த சனிக்கிழமை கடற்கரை வெளியாக இருந்தது. கயிறு பிடிக்க ஆள் காணாமல் ஸ்ரெல்லா இவளையும் கூப்பிட்டாள்.

"வாரும் உதயகலா. உங்கடை பள்ளிக்கூடத்திலை நீர் ஒராள்தான் எங்களோடை ஒழுங்காய்க் கதைக்கிறனீர். அந்த வேலிக்காரரைக் கண்டால் எனக்குச் சொல்லும்."

உதயகலாவின் உருவம் கயிற்றைப் பிடித்தபடி அசையாமல் நின்றது. இங்கே கதிரையில் இருந்த பேத்திக்குக் கண்ணால் தண்ணீர் ஓடுகிறது. நான் கையைக் காட்டி வேண்டாம் என்றேன். அவள் என்னைப் பார்க்கவேயில்லை. மைக்கைப் போட்டாள்.

"ஸ்ரெல்லா, வேலி அடைச்சது நான்தான். அண்டைக்கு நீர் கேக்கேக்கை நான் இருந்தனான். வாய் திறக்கேல்லை. பிறகு கள்ளமாய்க் கழட்டினதும் நான்தான்."

யாரோ ஒரு பெடியன், "ஐயோ, வேலிக்காரி!" என்றான்.

"பொத்தடா வாயை" என்றாள் ஸ்ரெல்லா. பிறகு இவளிடம், "கயிறைப் பிடியும். வலை தண்ணியிலை நிக்குது. கதை பிறகு."

இழுத்தார்கள். வலை வந்தது. ரீச்சர் கைதட்டினார். ஸ்ரெல்லா ஒரு சொல்லும் சொல்லாமல் போய்விட்டாள்.

அந்தக் "கதை பிறகு" வரவேயில்லை. கிழமைக்குக் கிழமை உதயகலா எல்லாருக்கும் முதல் போய்க் காத்திருப்பாள். ஒரு மரம் வைப்பதானாலும், "ஸ்ரெல்லா, இதிலை ஒரு தென்னை வைக்கட்டோ?" என்று கேட்பாள். "வையும்" என்று ஒரு சொல் வரும், அவ்வளவுதான். நல்லது நினைத்துச் செய்த பிள்ளையை இவ்வளவு தண்டிக்க வேண்டுமா என்று எனக்குக் கோபம். "அவள் என்னைத் தண்டிக்கேல்லை, அம்மம்மா. நான் கேக்காமல் செய்தனான்" என்பாள் இவள்.

போன சனிக்கிழமை ஸ்ரெல்லாவும் கூட்டாளிகளும் மணலைத் தாண்டித் தோட்டப் பக்கம் வந்தார்கள். முதன்முதலாக அந்தப் பிள்ளை தானாகக் கதைத்தாள்.

"உதயகலா, உம்மடை வீட்டைப் பாக்க வந்தனாங்கள். சுத்திச் சுத்தி வேலியாய்க் கிடக்கு. படலை எங்கை? எதாலை வாறது?"

உதயகலா திரையை உற்றுப் பார்த்தாள். இத்தனை நாளும் தான் கட்டிய வீட்டு வேலியில் ஆள் வந்து போக ஒரு படலை வைக்கவில்லை என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. "நில்லும், நில்லும், போயிடாதையும்" என்று பதறிக்கொண்டு வேலியை ஓரிடத்தில் கழற்றத் தொடங்கினாள். பிறகு கையை நிறுத்திக் கேட்டாள்: "படலையை எந்தப் பக்கம் வைக்கட்டும்?"

"கடற்கரைப் பக்கம் வையும்" என்றாள் ஸ்ரெல்லா.

வேலி நல்ல வேலிதான். படலை இல்லாததை நானும் கவனிக்கவில்லை.