டி டிரைவ் இல்லாத நாள்

கோவில்பட்டியில் நான் பாடம் நடத்திய கம்ப்யூட்டர் சென்டரில்தான், ஊரில் ரத்தம் கொடுக்க முன்வந்தவர்களின் விவரத்தையும் டேட்டாபேஸில் ஏற்றி வைத்திருந்தோம். ரத்த வகையைக் கொடுத்துத் தேடினால் ஆளும் போன் நம்பரும் வரும்.

ஓர் ஐப்பசி மதியம் இடைசெவல்காரர் ஒருவர் ஓடி வந்தார். முழங்கால்வரை கரிசல் சேறு. மனைவிக்கு ஆஸ்பத்திரியில் பிரசவமாகி ரத்தப்போக்கு நிற்கவில்லை. ஓ நெகட்டிவ் உடனே வேண்டும்.

தேடினேன். தற்காலிகக் கோப்பை உருவாக்க முடியவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு பெட்டி வந்தது. மெஷினை அணைத்துத் திரும்பப் போட்டேன். மறுபடியும் அதே பெட்டி.

"என்ன தாயி, ஆளு இல்லையா?"

"ஆளு இருக்காவ அண்ணாச்சி. மிஷின் காட்ட மாட்டேங்குது."

"அவ குளிருது குளிருதுன்னு சொல்லுதா."

இடம் நிறைந்துவிட்டதோ என்று டெம்ப் ஃபோல்டரில் கிடந்த பழைய கோப்புகளை அழித்தேன். பலனில்லை. அப்புறம்தான் அந்த புரோகிராம் எந்த ஃபோல்டரைத் தேடுகிறது என்று செட்டிங்கில் பார்த்தேன். டி டிரைவ் என்றிருந்தது. அந்த டிஸ்க்கை முந்தின நாள்தான் ஓனர் ரிப்பேருக்குக் கழற்றிக்கொண்டு போயிருந்தார். சி டிரைவில் புது ஃபோல்டர் போட்டு, அந்த வழியைக் கொடுத்தேன். திரும்பத் தேடினேன்.

திரையில் ஒரே ஒருவர் பெயர் வந்தது. கயத்தாறில் பஞ்சர் கடை வைத்திருப்பவர். போனில் முழுதாகக்கூடக் கேட்கவில்லை. "இந்தா கிளம்புதேன்" என்றார்.

சென்டரைப் பூட்டிவிட்டு நானும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மழையில் பைக்கிலேயே வந்து சேர்ந்தவர், சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக் கட்டிலில் படுத்தார். ஊசி ஏற்றும் முன்பே உள்ளேயிருந்து நர்ஸ் வந்து, உயிர் போய்விட்டது என்று தலையசைத்தாள். பஞ்சர் கடைக்காரர் எழுந்திருக்கவில்லை. "வந்தது வந்தாச்சு, எடுத்துக்கிடுங்க. வேற யாருக்காவது ஆகும்" என்றார்.

கணவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பெண் குழந்தை யார் மடியிலோ அழுதுகொண்டிருந்தது.

காரியமெல்லாம் முடிந்தபின் ஒருநாள் அந்தக் கணவர் சென்டருக்கு வந்தார்.

"மிஷின் மொதல்லயே காட்டியிருந்தா பொழைச்சிருப்பாளா?"

"தெரியல அண்ணாச்சி."

உண்மையிலேயே தெரியவில்லை. டாக்டரிடம் நானும் கேட்டிருந்தேன். அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

இடைசெவல்காரர் எழுந்தார். பிறகு, "புள்ளைக்கும் அதே ரத்தந்தானாம். அந்தக் கயத்தாறு அண்ணாச்சி நம்பரை ஒரு சீட்டுல எழுதிக் குடு தாயி" என்றார்.