ஏலக்காரர் குரலும் எனேபிள் காலும்

கடைத்தெருவில் என் கணவருக்கு வைத்திருக்கும் பெயர் 'மூச்சுவிடாதே'. செல்போன், ரேடியோ, காதுக் கருவி என்று எதைக் கொண்டுபோனாலும் மேசைமேல் பிரித்துப் போட்டுவிட்டு, "கொஞ்சம் மூச்சு விடாம நில்லுங்க" என்பார். உள்ளே இருப்பதெல்லாம் எள்ளைவிடச் சிறிய பாகங்கள். யாராவது தும்மினால் போதும், அப்புறம் தரையில் தவழ்ந்து தேட வேண்டியதுதான். கல்யாணமான புதிதில் என்னிடமும் அதைச் சொன்னார். "நான் மூச்சு விடாம இருந்தா நீங்க ரெண்டாம் கல்யாணம் பண்ணிக்கலாம்னு பாக்கறீங்களா?" என்று கேட்டேன். அன்றிலிருந்து என்னிடம் மட்டும் சொல்வதில்லை.

என் மாமனார் இதற்கு நேர் எதிர். காய்கறி மொத்தச் சந்தையில் ஏலம் கூவியவர். அவர் "ஒரு தரம்" என்று குரல் கொடுத்தால், அந்தக் கோடியில் லாரிமேல் தூங்குகிறவன் எழுந்து உட்காருவான். வீட்டிலும் அதே குரல்தான். தண்ணீர் கேட்டால் பக்கத்து வீட்டிலிருந்து சொம்போடு வருவார்கள். மகன் வாயில்லாப் பூச்சியாக வளர்ந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. அந்த வீட்டில் இன்னொரு குரலுக்கு இடமே இருந்ததில்லை.

அந்தத் தொண்டையில்தான் புற்று வந்தது. குரல்வளையை எடுத்துவிட்டார்கள். மூச்சுக்குக் கழுத்தில் ஒரு துளை. பேச்சுக்கு டார்ச் லைட் போல ஒரு குழாய். பட்டனை அமுக்கிக் கழுத்தில் வைத்தால் அது அதிரும். அந்த அதிர்வை நாக்கும் உதடும் சேர்ந்து சொல்லாக்கும். தகரடப்பாவுக்குள் வண்டு புகுந்தது போன்ற குரல். முதல்நாள் கேட்டுவிட்டுச் சமையலறைக்குள் போய் அழுதேன். மாமாவோ பின்னாலேயே வந்து, "என்னம்மா, இப்பவாவது சத்தம் கம்மியா இருக்கா?" என்று கேட்டார். பிறகு பழகிவிட்டது. அந்த வண்டுக் குரலிலேயே என்னைக் கேலி செய்யவும், மகனைத் திட்டவும் ஆரம்பித்துவிட்டார்.

ஒருநாள் குளியலறையில் அந்தக் குழாய் கைதவறி விழுந்து ஊமையானது. பட்ட காலிலேயே பட்டது போல, அதே வாரம் மருத்துவமனையில் இன்னொன்றும் சொன்னார்கள். நோய் நாக்கின் அடியில் திரும்ப வந்திருக்கிறதாம். நாக்கை எடுத்துவிட்டால் சில வருடம் இருக்கலாம், எடுக்காவிட்டால் சில மாதம்.

மாமாவுக்குக் கையெழுத்துக்கு மேல் எழுத வராது. உதட்டசைவை வைத்துத் தண்ணீர், போர்வை வரைக்கும் கண்டுபிடிப்போம். ஆபரேஷன் பேச்சை எடுத்தாலே கையை வீசுவார். "பயப்படறார்" என்பார் என் கணவர். மாமா இல்லையென்று தலையை ஆட்டுவார். "இன்னிக்கு வேணாமாம், நாளைக்குப் பேசலாமாம்" என்று இவர் மாற்றிச் சொல்வார். எனக்கு அர்த்தம் புரிந்தது. என் கணவருக்கும் புரியாமல் இல்லை. ஆனால் அப்பா வேண்டாம் என்கிறார் என்று பெற்ற பிள்ளை எந்த வாயால் சொல்வார்? ஆபரேஷனுக்காக மருத்துவமனையில் படுக்கைக்கும் சொல்லி வைத்துவிட்டார். பெரிய டாக்டர் மட்டும் பிடிகொடுக்கவில்லை. "அவர் வாயால சரின்னு சொல்லணும். நாளைக்குக் கூட்டிட்டு வாங்க" என்றுவிட்டார்.

ஆகவே குழாய் பேசியே தீரவேண்டும். புதிதாகச் சொல்லியிருந்த குழாய் கப்பலில் வருகிறதோ கழுதைமேல் வருகிறதோ, வந்தபாடில்லை. கடையில் பார்த்துப் பார்த்து ஓய்ந்துபோய், என் கணவர் அன்று சாயங்காலம் பழைய குழாயைச் சாப்பாட்டு மேசைக்கே கொண்டுவந்துவிட்டார்.

"என்னதான் ஆச்சு அதுக்கு?"

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு. பேட்டரி நல்லாருக்கு. கரண்ட்டும் சிப் வரைக்கும் வருது. எனேபிள் கால்தான் போச்சு."

"ஒரு கால் போனா நொண்டியாவது நடக்காதா?"

"இது அந்த மாதிரி கால் இல்ல. கரண்ட் வந்தா மட்டும் சிப் வேலை செய்யாது. இந்தக் காலுக்கு 'ம், ஆரம்பி'ன்னு உத்தரவு வரணும். உத்தரவு இருக்கற வரைக்கும் ஓடும், எடுத்தா நின்னுடும். பட்டனை அமுக்கினா அந்த உத்தரவுதான் போகும். விழுந்ததுல அந்தக் கால் அடியோட ஒடிஞ்சிருக்கு."

லென்ஸ் வழியாகக் காட்டினார். கறுப்பு சிப்பின் ஓரத்தில் பளபளவென்று ஒரு புள்ளி, அவ்வளவுதான் மிச்சம். அதில் ஈயம் ஒட்டவில்லை. இன்னொரு தடவை சூடு காட்டினால் புள்ளியும் போய்விடுமாம். பேட்டரியிலிருந்து ஒரு ஒயரை இழுத்து, என் தையல் ஊசியில் சுற்றி, அந்தப் புள்ளியில் வைத்தார். குழாய் அதிர்ந்தது. எடுத்தார், நின்றது. டேப் ஒட்டிப் பார்த்தார், பசை போட்டுப் பார்த்தார், என் துணிக் கிளிப்பைக்கூட மாட்டிப் பார்த்தார். ஒரு மயிரிழை நகர்ந்தாலும் தொடர்பு விட்டுப்போனது. ஊர்ப்பட்ட சாமானைப் பிழைக்கவைத்த மனிதர், அப்பாவின் சாமானுக்கு முன்னால் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"கையால பிடிச்சாத்தான் பேசுது. நாளைக்கு டாக்டர் முன்னாடி நானே பிடிச்சுக்கறேன். சரின்னு ஒரு வார்த்தை, அது போதும்" என்றார். ஒத்திகை பார்க்க மாமாவை மேசையருகே உட்காரவைத்தார்.

மாமா குழாயைக் கழுத்தில் வைத்துக்கொண்டார். அதிலிருந்து குடல் சரிந்தது போல ஒயர்கள் தொங்க, மேசையில் சர்க்யூட் போர்டு கிடந்தது. என் கணவர் லென்ஸைக் கண்ணில் மாட்டிக்கொண்டு குனிந்தார். "மூச்சு விடாதீங்க" என்று பழக்கத்தில் சொல்லிவிட்டார். மாமாவுக்குத் தோள் குலுங்கியது. சத்தம் வராத சிரிப்பு.

ஊசி பட்டது.

"கேக்குதா?"

"கேக்குது மாமா!" என்று கத்தியே விட்டேன். அந்த வண்டுக் குரலுக்கு நான் இத்தனை ஏங்கியிருந்தேன் என்பது அப்போதுதான் தெரிந்தது.

"உன் புருஷன் என் பேரைச் சொல்லி ரொம்பப் புளுகிட்டான்மா. டேய், எனக்கு ஆபரேஷன் வேணாம்டா."

"அப்பா..."

"நீ பேசாத. கை ஆடும்."

என் கணவர் நிமிரவில்லை. நிமிர்ந்தால் ஊசி நகர்ந்துவிடும்.

"தொண்டையைக் கேட்டாங்க, குடுத்தேன். நாக்கும் போயிட்டா, நீ இதைத் தங்கத்துலயே செஞ்சு குடுத்தாலும் வெறும் சத்தம்தான் வரும். இருக்கற வரைக்கும் உன்னைத் திட்டிக்கிட்டே இருந்துட்டுப் போறேனே."

அப்படிச் சொல்லாதீங்க என்று சொல்ல வந்தேன். நீங்க சொல்றதுதான் சரி என்றும் சொல்ல வந்தேன். என் கணவர் அழுதுகொண்டிருந்தார். ஒரு கையில் ஊசி, மறு கையில் போர்டு. கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட வழியில்லை. நான் துண்டை எடுத்துத் துடைத்துவிட்டேன். அது ஒன்றுதான் என்னால் முடிந்தது.

மாமா கொஞ்சநேரம் மகனின் உச்சந்தலையைப் பார்த்தார். பிறகு முதுகை நிமிர்த்திக்கொண்டார், சந்தையில் நிற்கிற மாதிரி.

"ஆபரேஷன் வேணாம். ஒரு தரம்."



"ஆபரேஷன் வேணாம். ரெண்டு த..."

குரல் நின்றுவிட்டது. மாமாவின் உதடு மட்டும் இன்னும் அசைந்தது.

ஊசி புள்ளியைவிட்டு விலகியிருந்தது. கை நழுவிவிட்டது என்றுதான் இன்றைக்கும் சொல்கிறார். எத்தனையோ வருடமாக அந்தக் கையைப் பார்க்கிறேன். அது நழுவுகிற கை இல்லை.

மாமா கோபப்படவில்லை. குழாயைக் கழுத்திலேயே வைத்துக்கொண்டு, யாராவது மேலே விலை கேட்பார்களா என்று காத்திருக்கிற ஏலக்காரராகவே காத்திருந்தார். பிறந்ததிலிருந்து முதல்முறையாக, அப்பாவின் குரலுக்கு மேல் மகன் பேசலாம். பேசட்டும் என்றுதான் மாமாவும் விட்டிருக்க வேண்டும். என் கணவர் வாயைத் திறந்தார், மூடினார். என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

என் கணவரே குனிந்து ஊசியைத் திரும்ப வைத்தார்.

"ரெண்டு தரம்," என்றார் மாமா. இந்தமுறை மெதுவாக, "மூணு தரம்."

குழாயைக் கழுத்திலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மடியில் அது பாட்டுக்கு ரீங்கரித்துக்கொண்டே இருந்தது. என் கணவர் குனிந்தது குனிந்தபடி, ஊசியை அழுத்திப் பிடித்திருந்தார்.

"போதுங்க. கையை எடுங்க," என்றேன்.

"எடுத்தா நின்னுடும்," என்றார்.