பாஞ்சாலியின் போனில் இரண்டு கரைவலை

மரிய அருணைப் போல முடிவெடுக்கத் தெரியாத ஆளைத் திண்டிவனத்தில் நான் பார்த்ததில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அவனுக்கு செல்போன் ரிப்பேர் கடை. பக்கத்திலேயே எனக்கு ஜெராக்ஸ் கடை. டீயா காபியா என்று கேட்டாலே ஐந்து நிமிடம் யோசிப்பான். அவன் போய் ஒரு கேம் செய்ய உட்கார்ந்தான்.

கேமின் பெயர் கரைவலை. மரக்காணம் பக்கம் கடற்கரையில் நின்று ஒரே வலையின் இரண்டு முனைகளையும் இரண்டு கூட்டம் இழுப்பார்களே, அதுதான். இடது கட்டைவிரல் ஒரு கயிறு, வலது கட்டைவிரல் இன்னொரு கயிறு. இரண்டும் சமமாக வரவேண்டும். ஒரு பக்கம் முந்தினால் மீன் ஓடிவிடும்.

படம் நகர்வது, மோதுவது, சத்தம் வருவது எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் மென்பொருளை கேம் எஞ்சின் என்கிறார்கள். 2016-ல் அருண் பெரிய எஞ்சின் ஒன்றைப் பிடித்தான். பதினான்கு மாதம் அதில் கடல் செய்தான். அலையில் வெயில் மின்னும். நுரை மணலில் வடியும். குறை சொல்லக் கூடாது, பிரமாதமான கடல். ஆனால் நாலாயிரம் ரூபாய் போனில் போட்டால், விரல் வைத்து அரை நொடி கழித்துத்தான் கயிறு அசையும். பிறகு ஒரு சின்ன எஞ்சினில் பத்தே நாளில் அதே கேமைச் செய்து பார்த்தான். தடங்கலில்லாமல் ஓடியது. ஆனால் கடல் வெறும் நீலப் பட்டை; மீன்கள் வெள்ளரி விதை மாதிரி. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது? மூன்று மாதம் என் காது புளித்துப் போகும்வரை புலம்பினான்.

அவன் மனைவி லூர்துசெல்வி பொறுமைசாலி. அவளே சொல்லிவிட்டாள்: “கிறிஸ்மஸுக்குள்ள ஏதாவது ஒரு எஞ்சினைப் புடி. இல்லன்னா கேமை மூட்டை கட்டிட்டுக் கடையை மட்டும் பாரு.” சரியென்று தலையாட்டிவிட்டு என்னிடம் வந்து கண்கலங்கினான். திட்ட வாயெடுத்தவன், பாவமாக இருந்ததால் விட்டுவிட்டேன்.

ரிப்பேருக்கு வரும் போன்களில்தான் அவன் சோதனை. இரண்டு கேமையும் ஏற்றி, ஆடிப் பார்த்து, அழித்துவிட்டுக் கொடுப்பான். செய்யக் கூடாத வேலைதான், சொன்னால் கேட்கமாட்டான். டிசம்பர் இரண்டாம் வாரம் ஒரு போனில் அழிக்க மறந்தான்.

அது பாஞ்சாலியின் போன். கடலோரக் குப்பத்திலிருந்து மீன் கொண்டுவந்து விற்பவர். நான்காம் நாள் கூடையோடு கடை வாசலில் வந்து நின்றார்.

“இன்னா தம்பி ரிப்பேர் பண்ண? போனு அடுப்பாட்டம் கொதிக்குது.”

அருணுக்கு முகம் வெளுத்துவிட்டது. “மன்னிச்சுக்கோங்கக்கா. நான் செஞ்ச கேம் ரெண்டு அதுல மாட்டிக்கினு இருக்கு. ஜல்தியா எடுத்துடறேன்.”

“ரெண்டையும் ஏன் எடுக்கற? ரெண்டும் ஆடிப் பாத்துட்டேன். சூடாவறத்த எடு. இன்னொண்ணு இருக்கட்டும்.”

“அதுல கடலே நல்லா இல்லீங்களேக்கா.”

“கடலை தெனம் பாத்துக்கினுதான கீறேன். போன்லயும் பாக்கணுமா?”

சொல்லிவிட்டு, கூடையை இறக்கி வைத்து, நின்றபடியே ஆடிக் காட்டினார். இரண்டு கட்டைவிரல்களும் ஒரே சீராக இறங்கின. நிஜ வலையை இழுப்பதுபோல் உடம்பு மெல்லப் பின்னால் சாய்ந்தது. குதிகால் சிமெண்ட் தரையில் அழுந்தியது. “ஏய், அந்தப் பக்கம் மெதுவா!” என்று தன் வலது விரலையே அதட்டினார்.

அருண் போனைப் பார்க்கவில்லை. அந்தக் குதிகாலையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி, பதினான்கு மாதக் கடலை மொத்தமாக அழித்தான். ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. அழப்போகிறான் என்று நான் எழுந்து போனால், பையன் சிரிக்கிறான்.

“அப்பாடா! தலைபாரம் எறங்கிடுச்சுண்ணே. செல்விகிட்ட சொல்லிட்டு வர்றேன், கடையைப் பாத்துக்கோங்க.”

எனக்கும்தான் நிம்மதி. அவன் செருப்புகூடப் போடாமல் ஓடினான். பாஞ்சாலி நிமிரவே இல்லை. அடுத்த வலை பாதி கரைக்கு வந்திருந்தது.