கொடியில் வைத்த மஞ்சள்

கிருமாம்பாக்கத்துத் தனக்கொடி புதுத்துணி எதுவானாலும் மஞ்சள் வைக்காமல் விடமாட்டாள். வேட்டி, பாவாடை சரி, தலையணை உறைக்குமா? அதற்கும் வைப்பாள். அவள் புருஷன் அரங்கநாதன் மேரியில், அதாவது பிரெஞ்சு ஊராட்சிக் கச்சேரியில், சேவகர். கொடி ஏற்றுவதும் இறக்குவதும் அவர் பொறுப்பு.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது. போன மாதம்தான் பாரீசுக்குள் ஜெர்மன்காரன் புகுந்திருந்தான். அதனாலேயே பிரெஞ்சு தேசிய விழாவான ஜூலை பதினாலில் கொடிக்கு ஒரு குறை வந்தாலும் சேவகர் சீட்டு கிழியும் என்று ஊராட்சித் தலைவரான மேர் சொல்லி வைத்திருந்தார். கச்சேரியில் எலித்தொல்லை. புதுக்கொடியை அரங்கநாதன் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்தார். வினையை மடியில் கட்டிக்கொண்டு வந்தார் என்றுதான் சொல்லவேண்டும்.

விழா அன்று காலையில் பிரித்தார். நீலத்திலும் சிவப்பிலும் வைத்தால் எடுக்காது என்று நடுவெள்ளையின் ஓரத்தில் தனக்கொடி மஞ்சளைத் தாராளமாக வைத்திருந்தாள்.

"இன்னாடி பண்ணித் தொலைச்ச!"

"புதுத்துணியாச்சே, வெறுமனே ஏத்துனா ஆவுமா?"

சவுக்காரம் போட்டுத் தேய்த்தாள். மஞ்சள் ரத்தச் சிவப்பாக மாறியது. பழைய கொடியோ கிழிசல். கிழிந்ததை ஏற்றக்கூடாது என்பது சட்டம்.

வேறு வழியில்லாமல் அதையே ஏற்றினார். காற்றில்லை. கொடி கம்பத்தோடு ஒட்டிக்கிடந்தது. அரங்கநாதன் வேண்டாத தெய்வமில்லை. விழாவுக்கு வந்திருந்த பிரெஞ்சுத் துரை தொப்பியைக் கழற்றினார். அந்த நேரம் பார்த்து மணப்பட்டுப் பக்கமிருந்து கடற்காற்று வந்து கொடியை விரித்தது.

மேர் முகம் சுண்டிப்போயிற்று. "யார் வேலைடா இது? துணி வெளுக்குற மாரிமுத்துவா?"

ஆமாம் என்று சொல்ல அரங்கநாதன் வாயைத் திறந்தார். சொல்லியும் இருப்பார், பயம் அப்படி. அதற்குள் தனக்கொடி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

"அவன் இன்னா பண்ணான் பாவம்? நாந்தான் மஞ்ச வெச்சேன். துணி நாள்பட நல்லா இருக்கணும்னு வெச்சேன்."

துபாசி செபாஸ்டின் அதைத் துரையிடம் பிரெஞ்சில் சொன்னான். மேருக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. "எறக்குடா கொடிய!" என்று கத்தினார்.

அரங்கநாதன் கயிற்றைத் தளர்த்தினார். கொடி ஒரு முழம் இறங்கியிருக்கும். துரை கையை நீட்டி அலறினார். பாதியிலேயே அவர் குரல் உடைந்துபோனது.

செபாஸ்டின் ஓடிவந்து கயிற்றைப் பிடித்தான்.

"வாணாம்ணே, மேல ஏத்து. பாரீசுல எறக்கிட்டாங்க, இங்கயும் எறக்கணுமான்னு கேக்குறாரு."

கறையோடு கொடி மறுபடி உச்சிக்குப் போனது. அரங்கநாதனை வேலையைவிட்டு எடுப்பதைப் பற்றி மேர் அதன்பிறகு பேசவேயில்லை.