வாசலில் குறுக்கே படுத்தவன்

கச்கினைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லுங்கள் என்றால் நானே கொஞ்சம் யோசிப்பேன். அப்படிப்பட்ட முரடன். ஆட்டுடலைப் பறித்துக்கொண்டு ஓடும் குதிரை ஆட்டத்தில் நானும் அவனும் ஒரே அணி. எதிராளியின் விரலைப் பல்லால் கடித்ததையும் பார்த்திருக்கிறேன், அவசரத்தில் எங்கள் ஆளையே சாட்டையால் விளாசியதையும் பார்த்திருக்கிறேன். நரின் ஆற்றங்கரையில் எங்கள் ஊர்க் குழந்தைகளை அவன் பெயரைச் சொல்லித்தான் தூங்க வைப்பார்கள். ஆனாலும் சொந்தத் தாய்மாமனை முகத்தில் அடிப்பான் என்று யாராவது நினைத்திருப்போமா? அடித்தான்.

கொரோனா வந்த வசந்தத்தில் எங்களுக்குச் சேதி கொண்டுவந்தவள் நர்ஸ் அனார்குல். கச்கினோடு ஒரே வகுப்பில் படித்தவள். நோயாளிக்கு மட்டும் மாஸ்க் போதும் என்றாள். பிறகு எல்லோரும் போட வேண்டும், போடாவிட்டால் அபராதம் என்றாள். கையுறை போடு என்றாள், அப்புறம் கையுறை வேண்டாம் என்றாள். பாவம், மேலே இருந்து வந்ததைச் சொன்னாள். ஊர் விடுமா? அவள் தெருவில் தலைகாட்டினாலே, "இன்னைக்கு என்ன சொல்றாங்க, அனார்குல்?" என்று கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள்.

மே மாதம் கச்கினின் அப்பா மூச்சுத் திணறிச் செத்தார். உடலைக் குளிப்பாட்டக் கூடாது, தொடவே கூடாது என்று உத்தரவு. வெள்ளை உடுப்புக்காரர்கள் வந்து கிழவரைப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் கட்டி வண்டியில் ஏற்றினார்கள். கச்கின் பாய்ந்து ஒருவனைக் கீழே தள்ளி மிதித்தான். போலீஸ்காரர்கள் தடியால் அடித்த அடியில் அவனுடைய முன்பற்கள் தெறித்தன. வாயெல்லாம் ரத்தத்தோடு அவன் அந்த வண்டிக்குப் பின்னால் ஓடினான். ஒரு மாதம் போனது. புது உத்தரவு வந்தது: உடலைக் குளிப்பாட்டலாம், வழக்கம்போலவே அடக்கம் செய்யலாமாம்!

அன்றைக்குக் கச்கின் கோடாலியைத் தூக்கிக்கொண்டு போனான். அனார்குல் வேலை பார்த்த மருந்தகத்தின் கதவைப் பிளந்தான், ஜன்னலை நொறுக்கினான். கண்ணாடித் துண்டு ஒன்று அனார்குலின் நெற்றியைக் கிழித்தது.

"அப்போ எங்கப்பனை மட்டும் ஏன்டி குப்பை மாதிரி பொட்டலம் கட்டுனீங்க? சொல்லுடி!"

"அப்போ தெரியலடா! யாருக்குமே தெரியல!"

"தெரியாதவளுக்கு எதுக்குடி வெள்ளைக் கோட்டு?"

கண்ணில் வடிந்த ரத்தத்தை அவள் கோட்டுக் கையால் துடைத்துக்கொண்டாள்.

ஜூலையில் கச்கினின் அண்ணன் பெய்ஷென் போய்விட்டான். முற்றத்தில் கம்பளிக் கூடாரம் போட்டு உடலைக் கிடத்தினோம். துக்கத்துக்கு வருகிறவர்களுக்குச் சாப்பாடு போடக் குதிரை அறுத்தோம். எங்கள் வழக்கப்படி வெளியே ஆண்கள் கோலில் சாய்ந்து நின்று கதறினார்கள். உள்ளே உடலுக்குப் பக்கத்தில் அண்ணி உல்கான் உட்கார்ந்திருந்தாள், நிறைமாதக் கர்ப்பிணி. துக்கத்துக்கு வருகிற ஒவ்வொரு பெண்ணும் உள்ளே போய் அவளைக் கட்டிப்பிடித்து, கன்னத்தோடு கன்னம் வைத்து அழ வேண்டும். அழாமல் போனால் எங்களில் அவள் மனுஷியே இல்லை.

கூட்டம் சேரும் நேரத்தில் நெற்றித் தையலோடு அனார்குல் வந்தாள். தொலைந்தாள் என்று எல்லோரும் ஒதுங்கினோம்.

"செத்தவரால ஒண்ணும் ஆகாது கச்கின். கட்டிப்பிடிக்க வர்றவங்களாலதான் பயம். அண்ணிக்கு ஒட்டிக்கிச்சுன்னா ரெண்டு உசுரும் போயிரும்டா."

"நாளைக்கு இதையும் மாத்திச் சொல்லுவியா?"

"தப்புன்னு தெரிஞ்சா மாத்துவேன். இன்னைக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான். அடிக்கணும்னா அடிச்சுக்கோ."

அவன் அவளுடைய தையலையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் சாட்டையை எடுத்துக்கொண்டு போய்க் கூடார வாசலில் நின்றான்.

"உள்ள யாரும் போகக் கூடாது! அழறவங்க தள்ளி நின்னு அழுங்க!"

"அடேங்கப்பா, மருந்தகத்தை உடைச்ச மகராசன் சொல்றாரு, கேட்டுக்கோங்க!" என்று எவனோ கத்தினான். அந்தச் சாவு வீட்டிலும் சிரிப்பு எழுந்தது.

அப்போதுதான் தாய்மாமன் சாதிர்குல் மலைக்கணவாய் தாண்டி வந்து சேர்ந்தார். "என் மருமகனே, என் சிங்கமே" என்று அலறிக்கொண்டு குதிரையிலிருந்து குதித்தவர், மனைவியையும் மருமகள்களையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"மாமா, வேண்டாம் மாமா. அண்ணி புள்ளத்தாச்சி."

"விலகுடா நாயே! எங்க அக்கா வயித்துல பொறந்துட்டு என்னையே மறிக்கிறியா?" அவனைத் தள்ளினார்.

சாட்டை இறங்கியது. மாமாவின் கன்னம் காதிலிருந்து தாடைவரை பிளந்துகொண்டது.

அவ்வளவுதான், மாமாவின் மகன்கள் பாய்ந்தார்கள். சாட்டையைப் பிடுங்கினார்கள். கோலால் அடித்தார்கள், அது முறிந்ததும் பூட்ஸ் காலால் மிதித்தார்கள். கச்கின் திருப்பி அடிக்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் திருப்பி அடிக்கவில்லை! வாசல்படியில் குறுக்கே விழுந்து, இரண்டு பக்க நிலைக்கட்டையையும் பிடித்துக்கொண்டான். படுத்துக் கிடக்கும் ஆணை எங்கள் பெண்கள் தாண்ட மாட்டார்கள். அது அவனுக்குத் தெரியும். அவனை நகர்த்தத்தான் அப்படி மிதித்தார்கள். விலா எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. விலக்கப் போன எனக்கும் மூக்கில் ஒரு குத்து விழுந்தது. குனிந்து குனிந்து அவன் முகத்திலேயே திட்டினார்கள், துப்பினார்கள். உள்ளேயிருந்து உல்கான் அலறினாள்: "விடுங்கடா! கொன்னுராதீங்கடா!"

அவன் பிடியை விடவில்லை. பெண்கள் வெளியிலேயே அழுதுவிட்டுத் திரும்பினார்கள். பெய்ஷெனை அடக்கம் செய்தோம்.

சில நாளில் கச்கினுக்குக் காய்ச்சல் கண்டது. முகத்தில் துப்பியவர்களில் யாரிடமிருந்து ஒட்டியதோ. விலா உடைந்தவனால் இருமக்கூட முடியவில்லை. அனார்குல் பக்கத்திலேயே இருந்து ஊசி போட்டாள். ஆனாலும் போய்விட்டான். அதே வாரம் உல்கானுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம்.

அந்த முற்றத்தில் மறுபடியும் கூடாரம். இந்தத் தடவை கச்கின் கிடந்தான், பக்கத்தில் கைக்குழந்தையோடு உல்கான். மகன்களோடு சாதிர்குல் மாமா வந்தார். அலறவில்லை. கன்னத்துக் காயம் இன்னும் காயவில்லை. பெண்கள் வாசலில் கூடி நின்றார்கள். அனார்குல் அந்தப் பக்கம் வந்ததும் மாமா அவளை நிறுத்தினார்.

"இன்னைக்கு என்ன சொல்றாங்கம்மா?"

ஒருவரும் சிரிக்கவில்லை.

"நேத்து சொன்னதேதான் ஐயா. தாய்க்கும் புள்ளைக்கும் கிட்ட யாரும் போகக் கூடாது."

மாமா தொப்பியைக் கழற்றி மகன் கையில் கொடுத்தார். தட்டுத் தடுமாறிக் குனிந்து, வாசல்படியில் குறுக்கே படுத்துக்கொண்டார்.