மாதேஸ்வரி மகளுக்கு இரண்டு பிறந்தநாள்

பள்ளிக்கூட வாசலில் மாதேஸ்வரியின் மகள் சௌமியா பத்தடி உயரத்துக்கு நின்றாள். பிளக்ஸில்தான். கழுத்தில் மெடல், கையில் கோப்பை, முகத்தில் பிளக்ஸ்காரன் தன் இஷ்டத்துக்குப் பூசிவிட்ட வெள்ளை. ‘மாநிலப் போட்டிக்குத் தேர்வு பெற்ற எங்கள் தங்கமகள்’ என்று மேலே கொட்டை எழுத்து. பக்கத்தில் கரஸ்பாண்டண்ட் ஐயா சிரித்துக்கொண்டிருந்தார், சௌமியாவைவிட ஒரு சாண் பெரிதாக. அறுநூறு மீட்டரை அவரே ஓடி முடித்துவிட்டு வந்தவர் மாதிரி இருந்தது.

காலை ஷிப்டுக்குப் போகும் கம்பெனி பஸ் அந்த வழியாகத்தான் போகும். மாதேஸ்வரி அந்த ஒரு வாரம் மட்டும் இடது பக்க ஜன்னல் சீட்டுக்கு முண்டியடித்து ஏறினாள். பஸ்ஸில் இருந்த பெண்கள் உன் பெண்ணா என்று கேட்டபோது, ஏதோ ஓடுது என்று சொல்லிவிட்டுத் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டாள். பெருமையை மறைக்கத் தெரியாதவர்கள் எல்லோரும் செய்வதுதான் அது.

அவளுக்கு வயது முப்பத்துநான்கு. பிறந்தது கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம், அத்திப்பள்ளி தாண்டி உள்ளே ஒரு சின்ன ஊர். கன்னடத்தில் ஏழாவது வரை படித்தாள். வாழ்க்கைப்பட்டது இந்தப் பக்கம், ஓசூர் கெலவரப்பள்ளி அணைக்குக் கிட்டே. புருஷன் ஆனந்தராஜ் வீட்டில் தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் நிலத்தில் பாடுபட்டவர்கள். அவன்தான் முதலில் களைக்கொத்தையும் கூடையையும் விட்டுவிட்டு லாரி ஷெட்டில் லோடு ஏற்றப் போனான். கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போன முதல் பெண் அந்த வீட்டில் மாதேஸ்வரி. எட்டு மணி நேரம் நின்றபடி, கடுகு அளவு எலெக்ட்ரானிக் பாகங்களைப் பச்சைத் தகட்டில் பொருத்துகிற வேலை. மூன்று பாஷை பேசுவாள். ஆனால் மேஜைக்கு அந்தப் பக்கம் யார் உட்கார்ந்திருந்தாலும் மூன்று பாஷையிலும் அவள் வாயில் வருவது ‘சரிங்க சார்’ ஒன்றுதான்.

அந்தச் ‘சரிங்க சார்’தான் அவளைக் கவிழ்த்தது. அதைச் சொல்ல வேண்டுமானால் பதின்மூன்று வருஷம் பின்னால் போக வேண்டும்.

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். சிவராத்திரி. ஊரே கோயிலில் கண் விழித்துக் கிடந்தது. விடியற்காலை, ஆம்புலன்ஸ் வந்து சேருவதற்குள், வீட்டிலேயே குழந்தை பிறந்துவிட்டது. மாதேஸ்வரனே கொடுத்த பிள்ளை என்று ஊர்க்காரர்கள் அப்படியே வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மறுநாள் நர்சம்மா வந்து, கர்நாடகத்தில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கிற தாயி கார்டில் பிப்ரவரி இருபத்தொன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பிறப்பைப் பதிய வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவள் அந்தப் பக்கம் பெற்றாள், இவன் இந்தப் பக்கம் இருந்தான், இந்த வீட்டார் செய்வார்கள் என்று அந்த வீட்டாரும் அந்த வீட்டார் செய்வார்கள் என்று இந்த வீட்டாரும் இருந்தார்கள்.

மூன்று வருஷம் கழித்து அவளுக்குக் கம்பெனியில் வேலை கிடைத்தது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. எல்கேஜியில் போட்டுவிட்டால் பிரச்சினை தீரும். ஒரு தனியார் பள்ளிக்குத் தூக்கிக்கொண்டு போனாள். அங்கே ஆபீஸ் கிளார்க் வெங்கடப்பன், ஜூன் ஒன்றாம் தேதிக்கு மூன்றரை வயது முடிந்திருக்க வேண்டும், உன் பிள்ளைக்கு மூன்றேகால்தான் ஆகிறது என்றார். மாதேஸ்வரியின் முகம் தொங்கிப்போனதைப் பார்த்து அவருக்கு மனசு இளகியது. கெட்ட மனுஷர் இல்லை. கெட்ட மனுஷராக இருந்திருந்தால் அன்றைக்கே போ என்று விரட்டியிருப்பார், இந்தக் கதையே இருந்திருக்காது.

“இன்னும் சர்டிபிகேட்டே எடுக்கலன்ற. எடுக்கும்போது முந்தின நவம்பர்னு போட்டு எடு. யார் வந்து கேக்கப் போறா? எல்லாரும் பண்றதுதாம்மா” என்றார்.

“சரிங்க சார்” என்றாள் மாதேஸ்வரி.

எல்லை தாண்டிப் போய், நோட்டரி முன்னால் நின்று, என் குழந்தை நவம்பர் இருபத்தெட்டாம் தேதி வீட்டில் பிறந்தது என்று சத்தியப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாள். பெற்றவளே சொல்கிறாள், யார் மறுப்பது? கன்னடத்தில் அழகான முத்திரையோடு சர்டிபிகேட் வந்தது. ஆதாரும் அதைப் பார்த்தே எடுத்தார்கள். சொந்தச் செலவில் சூனியம் என்பார்களே, அதற்குப் பஸ் சார்ஜும் கொடுத்து வைத்துக்கொண்டு வந்தாள்.

அதற்குப் பிறகு சௌமியாவுக்கு இரண்டு பிறந்தநாள். காகிதத்தில் நவம்பர். வீட்டில் சிவராத்திரிக்கு மறுநாள். அந்த நாளில்தான் கலர் டிரஸ் போட்டுக்கொண்டு வகுப்பு முழுக்கச் சாக்லேட் கொடுப்பாள். ஓசூர்ப் பக்கம் இதில் ஒன்றும் அதிசயம் இல்லை. நாலு வீட்டுக்கு ஒரு வீட்டில் இப்படி இரண்டு தேதி இருக்கும். யாரும் தூக்கம் கெட்டதில்லை.

சௌமியா ஓடக்கூடியவள் என்று கண்டுபிடித்தது பி.டி. மிஸ் சுகுணா. பள்ளியில் மைதானம் என்று ஒன்று இருந்தது, அதில் இப்போது நீட் வகுப்புக்கு மூன்று மாடி எழுந்துவிட்டது. அதனால் சுகுணா மிஸ் விடிகாலையில் ஸ்கூட்டியில் அணைக்கே வந்துவிடுவாள். அணைக்கரை ரோட்டில் சுண்ணாம்புக் கோடு போட்டு, அறுநூறு மீட்டரை அளந்து, சௌமியாவை ஓடவிட்டாள். அறுநூறு மீட்டர் என்பது பதினான்கு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மட்டுமே உள்ள ஓட்டம். அடுத்த பிரிவுக்குப் போனால் அந்தத் தூரமே கிடையாது. ஒன்பதாம் வகுப்பில் இருக்கும் சௌமியாவுக்கு இதுதான் கடைசி வருஷம்.

கிருஷ்ணகிரியில் மாவட்டப் போட்டி. ஒரு நிமிஷம் நாற்பத்தாறு செகண்டில் ஓடி முதலாவதாக வந்தாள். இரண்டாவதாக வந்த பர்கூர்ப் பெண் மூன்று செகண்ட் பின்னால். அன்று ராத்திரிச் சாப்பாட்டில் சௌமியா பேசிய பேச்சில் தட்டில் சோறு காய்ந்துபோனது. மாநிலத்தில் ஜெயித்தால் விளையாட்டு விடுதியில் எடுத்துக்கொள்வார்களாம். சாப்பாடு, படிப்பு, கோச், ஓடுவதற்கென்றே ரப்பர் போட்ட டிராக். அணைக்கரை ரோட்டில் நாய்க்குப் பயந்து ஓட வேண்டியதில்லை. மாதேஸ்வரி அத்தனைக்கும் தலையாட்டினாள். தனக்கு இப்படி ஒரு நாள் வர வேண்டும் என்று அவள் எந்தச் சாமியிடமும் கேட்டுக்கூட இருந்ததில்லை.

மறு வாரம் சுகுணா மிஸ்ஸிடமிருந்து போன். மாநிலப் போட்டிக்கு ஒரிஜினல் பிறப்புச் சான்றிதழ் வேண்டும், நாளைக்குக் கொடுத்தனுப்புங்க என்றாள்.

மாதேஸ்வரி போனை வைத்துவிட்டுப் பெட்டியிலிருந்து சர்டிபிகேட்டை எடுத்துத் தேதியைப் பார்த்தாள். பதினான்குக்கு உட்பட்டவர் என்றால் சௌமியா பிறந்த வருஷத்து ஜனவரி ஒன்றாம் தேதியோ அதற்குப் பிறகோ பிறந்திருக்க வேண்டும் என்று அவளே சொல்லி மாதேஸ்வரி கேட்டிருந்தாள். சிவராத்திரிக்கு மறுநாள் பிறந்தவளுக்கு அதில் ஒரு தடையும் இல்லை. அதற்கு முந்தின நவம்பரில் பிறந்தவளுக்கு முப்பத்துநாலு நாள் வயது கூடிவிட்டது.

அடுத்த நாள் லீவு சொல்லிவிட்டுப் பள்ளிக்குப் போனாள். ஒரு கையில் சர்டிபிகேட், இன்னொரு கையில் ஓரம் நைந்துபோன தாயி கார்டு. சுகுணா மிஸ் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். மாவட்டம் வரைக்கும் பள்ளி எழுதிக் கொடுக்கும் பட்டியலையே அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். அந்தப் பட்டியலை எழுதியவள் சுகுணாதான். பதிவேட்டைப் புரட்டிப் பார்க்காமல், தனக்குத் தெரிந்த தேதியை எழுதிவிட்டாள்.

“அவ வருசா வருசம் எனக்குச் சாக்லேட் குடுப்பாளேம்மா. அந்த நாளைத்தான் எழுதினன்” என்றாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் மாதேஸ்வரிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

இருவரும் பிரின்சிபால் மேடத்தின் அறைக்குப் போனார்கள். வெங்கடப்பன் பதிவேட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, சுவரில் இருந்த காலண்டரை முதல் தடவை பார்ப்பவர்போலப் பார்த்துக்கொண்டு நின்றார். மாதேஸ்வரி அவர் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். நீங்கதானே சார் சொன்னீங்க என்று நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. அவருக்கு அடுத்த வருஷம் ரிடையர்மென்ட். தவிர, கையெழுத்துப் போட்டது அவர் இல்லை.

முதல் தடவையாக ஒரு மேஜைக்கு முன்னால் மாதேஸ்வரி ‘சரிங்க’ சொல்லாமல் நின்றாள்.

“மேடம், நான் பெத்தவ. சிவராத்திரிக்கு மறுநாள்தான் மேடம் பொறந்தா. எங்க ஊருல யாரை வேணா கேளுங்க. நர்சம்மா எழுதின கார்டு இருக்குது பாருங்க.”

பிரின்சிபால் தாயி கார்டைப் படித்தார். பிறகு சர்டிபிகேட்டை அவள் பக்கம் திருப்பி வைத்தார். குரலை உயர்த்தவில்லை.

“இதுல இருக்கறதும் நீங்க சொன்னதுதானம்மா. பெத்தவங்க சொன்னதுன்னுதான் இதைக் குடுத்திருக்காங்க. இப்ப எதை நம்பச் சொல்றீங்க?”

உலகத்தில் அந்தத் தேதிக்கு மாதேஸ்வரியைவிடப் பெரிய சாட்சி கிடையாது. அந்தச் சாட்சியே பத்து வருஷத்துக்கு முன்னால் போய் மாற்றிச் சொல்லிவிட்டு வந்திருக்கிறது. தவளையும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

பிரின்சிபால் இன்னும் சிலதை விளக்கிச் சொன்னார். தேதியை மாற்றப் போனால் எல்கேஜியிலிருந்து எல்லாப் பதிவையும் கிளற வேண்டும். அடுத்த வருஷம் பத்தாம் வகுப்புப் பரீட்சை. வயதில் ஏதாவது சிக்கல் வந்தால் அதுவும் நிற்கும். பொய்ச் சத்தியம் செய்தது ஏன் என்றும் யாராவது கேட்பார்கள். இருக்கிறபடி விட்டுவிடுங்கள் என்றார்.

அவள் விடவில்லை. மறுநாளே எல்லை தாண்டிப் போய்ச் சர்டிபிகேட் வாங்கிய இடத்தில் நின்றாள். அங்கே இருந்தவர் பொறுமையாகவே கேட்டார். கோர்ட் உத்தரவு வேண்டும், ஆறு மாசமாவது ஆகும் என்று கன்னடத்தில் சொன்னார். மாநிலப் போட்டிக்கு ஒன்பது நாள் இருந்தது. தாய்வீட்டுக்குப் போய் அந்த நர்சம்மாவைத் தேடினாள். மாற்றலாகிப் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டதாம். ஊர்க்காரர்கள் மட்டும் கூடி நின்று, ஆமாம், சிவராத்திரிக்கு மறுநாள்தான், எங்களுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது என்றார்கள். அத்தனை சாட்சியையும் வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்? பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தாள். தவறு செய்தவள் தானே என்கிற நினைப்பில், அழுவதற்கும் கூச்சமாக இருந்தது.

ஆனந்தராஜ், விடு, அடுத்த வருஷம் எண்ணூறு ஓடட்டும் என்றான். ‘விடு’ என்பது அவனுக்கு எல்லா நோய்க்கும் ஒரே மாத்திரை. ஆனால் அன்று ராத்திரி அவனும் சாப்பிடவில்லை.

சௌமியா கத்தவில்லை, எதையும் தூக்கி எறியவில்லை. ஒரு தடவை மட்டும் கேட்டாள். “எதுக்கும்மா மாத்துன?”

நீ பள்ளிக்கூடம் போனால்தான் நான் வேலைக்குப் போக முடியும் என்று மாத்தினேன் கண்ணு என்பதுதான் உண்மை. அதை மாதேஸ்வரியால் சொல்ல முடியவில்லை. ஒரு வருஷம் வீணாகக் கூடாதுன்னுதான் என்றாள். சௌமியா தலையை ஆட்டிவிட்டு ஷூவைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். மறுநாள் விடிகாலையில் அணைக்கரைக்குப் போகவில்லை.

சௌமியாவுக்குப் பதிலாகப் பர்கூர்ப் பெண்ணை அனுப்பினார்கள். தவறான தேதி எழுதியதற்குச் சுகுணா மிஸ்ஸிடம் விளக்கம் எழுதி வாங்கினார்கள். அதோடு பி.டி. பீரியடைப் பாதியாக்கி, மீதி நேரத்துக்கு ஆசிரியர் வராத வகுப்புகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். வாசல் பிளக்ஸ் இறங்கியது. அபாகஸில் பரிசு வாங்கிய ஒரு பையன் ஏறினான். கரஸ்பாண்டண்ட் ஐயா அதே சிரிப்போடு அதே இடத்தில் இருந்தார். மாதேஸ்வரி பஸ்ஸில் வலது பக்கம் மாறி உட்கார்ந்துகொண்டாள்.

அறுநூறு மீட்டர் ஓட்டம் நடந்தது நவம்பர் இருபத்தெட்டாம் தேதி காலை பத்து மணிக்கு. அந்த நேரத்தில் மாதேஸ்வரி கம்பெனி லைனில் நின்றுகொண்டிருந்தாள். சுவர்க் கடிகாரம் பத்தைத் தொட்டபோது கை நின்றுவிட்டது. ஒரு நிமிஷம் நாற்பத்தாறு செகண்ட் மனசுக்குள் எண்ணினாள். அதற்குள் அவள் முன்னால் நாலு தகடு தேங்கிவிட, லைன் லீடர் வந்து உடம்புக்கு என்ன என்று கேட்டாள். ஒன்றும் இல்லை என்றாள்.

ஷிப்ட் முடிந்து, லாக்கரில் இருந்து போனை எடுத்தாள். இரண்டு செய்தி வந்திருந்தது. ஒன்று சுகுணா மிஸ்ஸுடையது. பர்கூர்ப் பெண் மாநிலத்தில் மூன்றாவது. வேறு ஒன்றும் எழுதவில்லை. இன்னொன்று, இந்த வருஷம் புதிதாக ஆரம்பித்த பள்ளி ஆப்பில் வந்தது. ‘அன்புள்ள பெற்றோரே, இன்று பதினான்கு வயது நிறையும் உங்கள் செல்வி சௌமியாவுக்குப் பள்ளிக் குடும்பத்தின் இனிய பிறந்தநாள் வாழ்த்துகள்.’ ஓரத்தில் பலூன் பறந்தது.

வீட்டுக்கு வந்தபோது சௌமியா யூனிபார்மோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு வாழ்த்து அட்டையும் சாக்லேட் பாக்கெட்டும். காலைப் பிரேயரில் மேடையில் ஏற்றிக் கொடுத்தார்களாம்.

“எல்லாரும் கை தட்டினாங்கம்மா. நானும் தேங்க்ஸ் சொல்லிட்டு வந்துட்டன்.”

மாதேஸ்வரி துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்தாள். அது உன் பிறந்தநாள் இல்லை கண்ணு என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லி என்ன ஆகப் போகிறது? அவள் பேச்சு இனி எங்கே எடுபடும்?

“இனிமே சிவராத்திரிக்கு அப்புறம் சாக்லேட் வாங்காதம்மா” என்றாள் சௌமியா. “ரெண்டு தடவை குடுத்தா பசங்க கேப்பாங்க.”

பாக்கெட்டைப் பிரித்து, ஒன்றை எடுத்து அம்மாவிடம் நீட்டினாள். மாதேஸ்வரி வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள்.